உட்காரத் தெரியாத கோல் கீப்பர்

"உட்கார முடியலை," என்றான் ஹென்னிங்.

"அப்ப நில்லு," என்றான் ஸ்தூரே.

"நிக்கவும் முடியலை."

ஸ்தூரே பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"அப்ப படுத்துக்கோ."

"விளையாடாதே ஸ்தூரே. என் வேலை போகப்போகுது."

ஸ்தூரே பந்தை அழுத்திப் பார்த்தான். போதவில்லை. மறுபடி அடித்தான்.

*

ஸ்வீடனில் ஹென்னிங்கைத் தெரியாத ஆள் குறைவு. நாட்டுக்காகக் கோல் காத்தவன். முட்டி போனது. ஆட்டத்தை விட்டான். இப்போது ஒரு துறைமுக ஊரில் பெண்கள் அணிக்குக் கோச். இரண்டாம் பிரிவு. அணியில் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை உண்டு.

ஸ்தூரேயை யாருக்கும் தெரியாது. ஹென்னிங் ஆடிய அதே கிளப்பில் அவன் இரண்டாவது கோல் கீப்பர். முதலாமவனுக்கு அடிபட்டால் இவன் இறங்க வேண்டும். அதுதான் வேலை.

ஸ்தூரே அங்கே இருந்தவரை ஹென்னிங்குக்கு அடிபடவில்லை. காய்ச்சல்கூட வரவில்லை. ஸ்தூரேயின் இளமை பெஞ்சிலேயே முடிந்தது.

பிறகு அவனும் கோச் ஆனான். உள்ளே, காட்டுப் பக்கம், மரம் அறுக்கும் ஆலை உள்ள ஒரு சின்ன ஊர். அவன் பழக்கிய கோல் கீப்பர்கள் வெளிநாடு வரை போனார்கள். ஆட்டம் நடக்கும்போது கல் மாதிரி உட்கார்ந்திருப்பானாம். கோல் விழுந்தாலும் கல். ஜெயித்தாலும் கல். அப்படித்தான் பேச்சு.

அந்தக் கல்லைத் தேடித்தான் ஹென்னிங் வந்திருந்தான். அரை நாள் கார் ஓட்டி. மனசே இல்லாமல்.

*

"சரி, சொல்லு," என்றான் ஸ்தூரே.

"பந்து வருது. எங்கே வரும்னு எனக்குத் தெரியுது. தூவாவுக்குத் தெரியலை. கத்துறேன். அப்பவும் விட்டுடுறா."

"தூவா யாரு?"

"என் கோல் கீப்பர். பஸ் டிரைவர். நல்ல கை. தைரியமும் உண்டு. ஆனா ஒரு கணம் பிந்திப் பாயுறா. அதுக்குத்தான் கத்துறேன்."

"எப்போ கத்துறே?"

"பந்து வர்றப்போ. வேற எப்போ கத்துறது? வந்து போனப்புறமா?"

ஸ்தூரே அடுத்த பந்தை எடுத்தான்.

"போன ஞாயித்துக்கிழமை நடு மைதானத்துல கிளவுஸைக் கழற்றி என் மேலே வீசினா. 'இன்னொரு தடவை கத்தினா நீயே வந்து நில்லு. நான் பஸ் ஓட்டப் போறேன்'ங்கிறா. எல்லார் முன்னாடியும்."

"நல்ல பொண்ணு."

"ரெண்டு ஆட்டம்தான் பாக்கி. ஒண்ணுலயாவது தோக்காம இருக்கணும். இல்லைன்னா மூணாம் பிரிவுக்கு இறங்கிடுவோம். இறங்கினா நான் வீட்டுக்குப் போகணும். கிளப் செயலாளர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்."

"வேற வேலை பாரு."

"எனக்கு வேற என்னடா தெரியும்?"

ஸ்தூரே அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். எதிரே நின்றவன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தான். கைகள் இரண்டும் தொடையில் தாளம் போட்டன. அவனுக்கே தெரியவில்லை.

"நீ உட்கார்ந்தே பழகினவன்," என்றான் ஹென்னிங். "உனக்கு இது சுலபம். நான் ஆடினவன்."

பம்ப் நின்றது.

"சுலபம்," என்றான் ஸ்தூரே.

பம்பைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"கிளவுஸ் வெச்சிருக்கியா?"

"கார்ல இருக்கும். எப்பவும்."

"போட்டுட்டு வா."

*

ஹென்னிங் ஓடினான். முட்டி ஞாபகமே இல்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. கோலுக்கு முன்னால் சேறு. ஸ்தூரே பந்துகளை வரிசையாக வைத்து அடித்தான்.

வலது மூலை. பிடித்தான்.

இடது மூலை. தட்டிவிட்டான்.

நெஞ்சுக்கு நேரே. அணைத்துக்கொண்டு சேற்றில் விழுந்தான். எழுந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

"பார்த்தியா! இன்னும் இருக்கு!"

"இருக்கு," என்றான் ஸ்தூரே. அடுத்த பந்துக்கு ஓடி வந்தான். கால் பந்தில் படப்போகும் நேரம், "வலது!" என்று கத்தினான்.

வலது பக்கம்தான் அடித்தான்.

ஹென்னிங் நின்ற இடத்திலேயே நின்றான். கோல்.

"இடது!"

இடது பக்கம்தான். கோல்.

"மேலே!"

மேலேதான். ஹென்னிங்கின் கை பாதியில் நின்றது. கோல்.

"வாயை மூடித் தொலையேன்! எரிச்சலா இருக்கு!"

"சரியாத்தானே சொன்னேன்?"

ஹென்னிங் கிளவுஸில் இருந்த சேற்றை உதறினான். பின்னால் போய் வலையிலிருந்து பந்துகளைப் பொறுக்கினான். ஒவ்வொன்றாக. மெதுவாக.

"புரிஞ்சுது," என்றான்.

"சந்தேகம்தான்," என்றான் ஸ்தூரே.

*

ஞாயிறு ஆட்டத்துக்கு ஹென்னிங் கழுத்துத் துண்டை வாய்க்கு மேல் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். குளிருக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கத்தவில்லை. முதல் பந்துக்கும் கத்தவில்லை. இரண்டாவது பந்துக்கு உடம்பு தானாகப் பெஞ்சிலிருந்து எகிறியது. பக்கத்தில் இருந்த அணியின் டாக்டர் அம்மாவின் மடியில் காபி பிளாஸ்க் கவிழ்ந்தது. அவள் திட்டினாள். இவன் துண்டுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டான்.

முகம் சிவந்தது. நெஞ்சை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

கோலில் நின்ற தூவா பெஞ்சைப் பார்த்தாள். சத்தம் இல்லை. மறுபடி பார்த்தாள். மூன்றாவது முறை பார்த்தபோது பந்து அவள் தோளைத் தாண்டி உள்ளே போனது.

அந்த ஒரு கோல்தான். தோற்றார்கள்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்று வந்தாள் தூவா. அந்த நாட்டில் கோச்சையும் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் பேசுவார்கள். அது வழக்கம். மரியாதைக் குறைவு இல்லை.

"கத்தாதேன்னு நீதானே சொன்னே?"

"மாரடைப்புன்னு நெனச்சேன் ஹென்னிங்! நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே, மூஞ்சி தக்காளி மாதிரி இருக்கு, வாயில துணி! நான் பந்தைப் பார்ப்பேனா, உன்னைப் பார்ப்பேனா?"

*

மறுநாளே ஸ்தூரேயின் ஊருக்குப் போய்விட்டான். கார் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"உன் பேச்சைக் கேட்டு வாயை மூடினேன். தூவா பந்தை விட்டுட்டு பெஞ்சையே பார்த்தா. தோத்துட்டோம்."

"மூடச் சொல்லி நான் எப்போ சொன்னேன்?"

"அன்னைக்கு வலது இடதுன்னு கத்திக் காட்டினியே!"

"காட்டினேன். சொல்லலை."

"வித்தை காட்டாதே ஸ்தூரே. இன்னும் ஒரே ஆட்டம்."

ஸ்தூரே இரண்டு கோப்பையில் காபி ஊற்றினான். ஒன்றைத் தள்ளினான். ஹென்னிங் தொடவில்லை. ஜன்னல் வரை போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

"நாம ஒண்ணா இருந்த வருஷமெல்லாம் நான் பெஞ்சுல என்ன செஞ்சேன்?" என்று கேட்டான் ஸ்தூரே.

"உட்கார்ந்திருந்தே."

"பார்த்தியா?"

"என்ன?"

"நான் உட்கார்ந்திருந்ததை. நீ பார்த்தியா?"

ஹென்னிங் யோசித்தான். நடப்பது நின்றது.

"இல்லை."

"ஒரு தடவை?"

"இல்லைடா. கோல்ல நிக்கிறவன் எதுக்குப் பெஞ்சைப் பார்க்கணும்?"

ஸ்தூரே காபியைக் குடித்து முடித்தான். கோப்பையைக் கழுவினான். துடைத்தான். இடத்தில் வைத்தான்.

"கேட்டேனே," என்றான் ஹென்னிங். "எதுக்குப் பார்க்கணும்?"

"என்கிட்டே ஏன் கேட்கிறே? பார்க்கிறவகிட்டே போய்க் கேளு."

*

பயிற்சிக்குத் தூவா பஸ் கம்பெனிச் சட்டையோடு வந்தாள். டூட்டி முடிந்த நேரம்.

"ஆட்டத்துல பெஞ்சை ஏன் பார்க்கிறே?" என்றான் ஹென்னிங்.

"நீ பழக்கினதுதான்."

"நானா?"

"ஒவ்வொரு பந்துக்கும் அங்கேருந்து ஒரு சத்தம் வரும். வந்துதா இல்லையான்னு காது அங்கேயே நிக்குது. வரலைன்னா கண்ணும் போகுது." கிளவுஸை மாட்டினாள். "நான் ஒண்ணு கேட்கிறேன். நீ எதைப் பார்த்துட்டு வலதுங்கிறே?"

"ஊன்றுகாலை. உதைக்கிற கால் இல்லை, தரையில நிக்கிற கால். அதோட முனை எந்தப் பக்கம் திரும்புதோ, பந்து அந்தப் பக்கம்."

"நான் காலைப் பார்க்கிறதே இல்லை."

"பின்னே?"

"இடுப்பை."

"இடுப்பு பிந்தித்தான் திரும்பும்."

"உனக்குப் பிந்தி. நான் பஸ் ஓட்டுறேன். ரோட்டோரமா நிக்கிறவன் குறுக்கே பாய்வானா மாட்டானான்னு அவன் செருப்பையா பார்ப்பேன்? உடம்பு திரும்புறதைப் பார்ப்பேன். அதுவே போதும் எனக்கு." ஒரு பந்தைக் காலால் உருட்டினாள். "நான் இடுப்பைப் பார்த்து முடிக்கிறதுக்குள்ளே உன் கால் வந்து கத்துது. பாதியிலே எல்லாம் கலைஞ்சுபோகுது."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ கேட்டியா?"

ஊன்றுகாலைப் பற்றிச் சொல்ல அவனிடம் எவ்வளவோ இருந்தது. அந்த ஒன்றை வைத்துத்தான் ஒரு நாடு அவனை நம்பியது. உதட்டுக்கு வந்துவிட்டது.

"கால் எப்பவும்..." என்று ஆரம்பித்தான்.

தூவா காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லை. இடுப்பையே பாரு."

அந்த வாரம் முழுக்க அவன் பந்து அடித்தான். அவள் பாய்ந்தாள். சில பந்துகளில் அவள் தப்பு. சிலவற்றில் அவன் நினைத்தது தப்பு. "என்ன பார்த்தே?" என்று மட்டும் கேட்டான். அவள் சொன்னாள். அவன் மண்டையை ஆட்டினான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் தட்டைத் தள்ளிவைத்தான்.

*

கடைசி ஆட்டம். தோற்காமல் இருந்தால் போதும்.

கடல் காற்று பந்தைத் தள்ளியது. பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். பேசினால் மைதானம் முழுக்கக் கேட்கும்.

துண்டு கட்டவில்லை ஹென்னிங். டாக்டர் அம்மா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

முதல் பாதியில் எதிரணிக்காரி ஒருத்தி தனியாக உள்ளே வந்தாள். ஊன்றுகால் இடது பக்கம் திரும்பியது. 'இடது' என்று ஹென்னிங்கின் தொண்டை வரை வந்தது.

தூவா வலது பக்கம் பாய்ந்தாள்.

பந்து வலது பக்கம் வந்தது. பிடித்துவிட்டாள்.

ஹென்னிங்குக்கு வியர்த்தது. கத்தியிருந்தால் கோல்.

அவள் பெஞ்சைப் பார்க்கவில்லை.

அதன்பிறகும் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியிலும் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகிறது. கடிகாரத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

அப்போது ஹென்னிங் அணியின் தடுப்பு வரிசையில் ஒருத்தியின் கையில் பந்து பட்டது.

பெனால்டி.

காற்றுச் சத்தம் மட்டும்.

எதிரணிக்காரி பந்தை வைத்தாள். பின்னால் போனாள். ஓடி வந்தாள். ஊன்றுகால் தரையில் பதிந்தது. வலது. இதில் சந்தேகமே இல்லை. ஹென்னிங்கின் முட்டி, தோள், விரல் எல்லாம் வலது என்றன. வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக எதையும் அவன் பார்த்ததில்லை.

ஒரு சொல். தூவா கேட்டிருப்பாள்.

பெஞ்சுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

தூவா இடது பக்கம் பாய்ந்தாள்.

பந்து வலது மூலைக்குப் போனது.

*

ஆட்டம் முடிந்தது. எதிரணி குதித்தது. தூவா கடைசியாக வந்தாள். முகத்தில் சேறு.

"கால் என்ன சொல்லிச்சு?"

"வலது."

"இடுப்பு ஏமாத்திடுச்சு." மூக்கைத் துடைத்தாள். "தெரிஞ்சும் ஏன் கத்தலை?"

அவன் பெஞ்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"கத்தியிருந்தா பிடிச்சிருப்பேனா?"

"தெரியலை."

"எனக்கும் தெரியலை," என்றாள். அவன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

கிளப் செயலாளர் கோட்டுப் பையில் கை விட்டபடி வந்தார். ஏதோ சொல்லத் தயாராகத்தான் வந்தார்.

"ஹென்னிங், நாம கொஞ்சம் பேசணும்."

"இங்கேயே பேசு," என்றாள் தூவா.

"இது எங்க ரெண்டு பேருக்கும்..."

"அவனை அனுப்புறதா இருந்தா இப்பவே சொல்லிடு. அடுத்த வருஷம் ஞாயித்துக்கிழமை டூட்டி வேண்டாம்னு டிப்போவில சண்டை போட்டு வாங்கியிருக்கேன். வீணா போகக்கூடாது."

"நாம மூணாம் பிரிவுக்கு இறங்கிட்டோம் தூவா."

"எனக்குத் தெரியாதா? கோல்ல நின்னது நான்தானே?"

செயலாளர் மற்றவர்களைப் பார்த்தார். ஒருத்தியும் பூட்ஸ் கழற்றவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் பந்து பட்டுப் பெனால்டிக்குக் காரணமானவள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"சம்பளம் குறையும்," என்றார்.

"குறையட்டும்," என்றான் ஹென்னிங்.

*

அடுத்த ஞாயிறு ஹென்னிங் ஸ்தூரேயின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"கேள்விப்பட்டேன்," என்றான் ஸ்தூரே.

"வேலை இருக்கு."

"அதையும் கேள்விப்பட்டேன்."

"கத்தலை. துணியும் கட்டலை. அவ என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசி வரைக்கும்."

"ம்."

"அப்புறம் ஏன் வந்தேன்னு கேளு."

ஸ்தூரே செருப்பைத் தேடினான்.

"போகலைடா," என்றான் ஹென்னிங். "வாய் மட்டும்தான் மூடியிருக்கு. உள்ளே ஒவ்வொரு பந்துக்கும் விழுந்து எழுந்திருக்கேன். அந்தப் பெனால்டி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. சாப்பிடுறப்போ வருது. கார் ஓட்டுறப்போ வருது. நீ அத்தனை வருஷம் எனக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தே. இப்பவும் நீ கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறதா ஊரே சொல்லுது. அந்த அமைதி உனக்கு எப்போ வந்துச்சு? எத்தனை வருஷத்துல வரும்? அதை மட்டும் சொல்லு. நான் போயிடறேன்."

ஸ்தூரே செருப்பை மாட்டினான். வெளியே நடந்தான். ஹென்னிங் பின்னால் போனான்.

மைதானம் பக்கம்தான். யாரும் இல்லை. கோட்டுக்கு வெளியே மரப் பெஞ்சு. ஸ்தூரே அதன் ஒரு முனையைப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் தூக்கு."

தூக்கினார்கள். நகர்த்தி வைத்தார்கள்.

பெஞ்சு நின்ற இடத்தில் புல் இல்லை. மண்ணில் இரண்டு குழிகள். பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொன்றும் ஒரு குதிகால் அகலம். யாரோ காலைப் பின்னுக்கு மடக்கி உட்கார்ந்து, இடைவிடாமல் மண்ணைக் குத்திக் குத்தித் தோண்டிய குழிகள்.

ஹென்னிங் மண்டியிட்டான். ஒன்றுக்குள் கையை விட்டான். மணிக்கட்டு வரை போனது.

"ஆரம்பத்துல தோண்டினதா?" என்றான். "நீ கோச்சா வந்த புதுசுல?"

"நேத்து ஆட்டத்துல," என்றான் ஸ்தூரே.